வலது ஓரத்துச் செம்மஞ்சள்

மே மாதம் பதினேழாம் நாள், சனிக்கிழமை, காலை பத்து மணி முதல் பத்து நாற்பது வரை, ஆக்லாந்து நகரின் பக்குரங்காப் பகுதியில் உள்ள ஒரு சிறிய கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தை நான் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். அந்தப் படத்தில் ஒரு பொய் இருந்தது. அந்தப் பொய்யினால் ஒரு பெண்மணியின் வேலை போகவிருந்தது. நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகள் நான் மென்பொருள் சோதனையாளனாகப் பணியாற்றினேன். முதல் பதினான்கு ஆண்டுகள் சென்னையில், பிந்தைய பதினாறு ஆண்டுகள் ஆக்லாந்தில். பிறர் எழுதிய நிரலில் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, நாளும் நேரமும் குறித்து அறிக்கை எழுதுவதே என் தொழில். கடந்த பிப்ரவரியில் நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது, ஐம்பத்தெட்டு வயதான நானும் குறைக்கப்பட்டேன். ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். என் மனைவி சீதா மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்பவள். ஒரு நாள் அவள் சாம்பாரை என் முன் வைத்துவிட்டு, நான் வாய் திறப்பதற்கு முன்பே சொன்னாள்:

"உப்பு கம்மின்னு ரிப்போர்ட் எழுதிடாதீங்க. வீட்ல உட்கார்ந்து என் சமையலை டெஸ்ட் பண்றதுக்கு, எங்கயாவது போய் எதையாவது கத்துக்கங்க."

அவ்வாறே, எங்கள் வீட்டிற்கு அருகிலுள்ள சமூகக் கலை மையத்தில், செவ்வாய்க்கிழமைக் காலை வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை ஹெலனுக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. முதல் நான்கு வகுப்புகளிலும் அவர் இம்ப்ரெஷனிச ஓவியங்களை மட்டுமே திரையில் காட்டினார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில் வாழ்ந்த சில ஓவியர்கள், அரசர்களையும் தேவர்களையும் போர்களையும் விட்டுவிட்டு, தங்கள் ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவற்றை வரையத் தொடங்கினார்கள். ரயில் நிலையத்தை நிறைக்கும் புகை, அப்போதுதான் போட்ட அகன்ற சாலை, இரும்புப் பாலம், விடுமுறை நாளில் ஆற்றங்கரைக்கு வந்த கூட்டம், துணிக்கு இஸ்திரி போடும் பெண் என்று அந்த வரிசை நீண்டது. அவர்கள் வண்ணத்தைக் குழைத்து மெழுகவில்லை; துண்டு துண்டாக வைத்தார்கள். நிழலுக்குக் கறுப்பைத் தொடவில்லை. நீலத்தையும் ஊதாவையும் வைத்தார்கள். வெளிச்சம் மாறிவிடும் என்பதால், அது மாறுவதற்குள் வேலையை முடித்தார்கள்.

இவை அனைத்தும் எனக்கு உடனே விளங்கின. அந்த வகுப்பில் என்னைப்போல் குறிப்பெடுத்தவர் வேறொருவரும் இல்லை. கறுப்பைத் தொடாதே, கண்முன் இருப்பதை மட்டும் வரை, புகைப்படம் பார்த்து வரையாதே, இருந்த இடத்திலேயே முடி. இந்நான்கையும் நான் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி, அடிக்கோடிட்டு வைத்தேன்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் படங்களில் சட்டத்தின் விளிம்பு மனிதர்களைப் பாதியில் வெட்டியது. ஒருவருக்கு ஒரு தோளும் ஒரு காலும் மட்டுமே இருந்தன. ஒரு குதிரைக்கு முன்பாதி மட்டும் இருந்தது. தெரு நமக்காக நின்று காட்டுவதில்லை, யாராவது எப்போதும் வந்துகொண்டோ போய்க்கொண்டோ இருப்பார்கள், அந்தப் பாதி உருவமே அக்கணம் உண்மை என்பதற்கு அடையாளம் என்று ஹெலன் விளக்கினார். நான் தலையசைத்தேன், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் ஒரு குடும்பப் படத்தில் யாருடைய கையாவது விடுபட்டால்கூட மறுபடி எடுப்பார்கள். ஆளைப் பாதியாக வைப்பது மரியாதையும் அன்று, மங்கலமும் அன்று என்பது எனக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும்.

வகுப்பில் மற்றவர்கள் கடற்கரையை வரையச் சென்றார்கள். நான் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவன் ஆதலால், கார் நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நான் தேர்ந்தெடுத்த கடைத்தொகுதி பெரிய பிளாசா அன்று. ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு ரொட்டிக்கடை, ஒரு மருந்துக்கடை, டெய்ரி என்று இங்கே அழைக்கப்படும் ஒரு பெட்டிக்கடை, அவ்வளவே. தரை மேலிருந்து சாலையை நோக்கிச் சரிந்திருக்கும். நடுவில் ஒரு பொஹுடுகாவா மரம். மேட்டின் வலது ஓரத்தில் டிராலிகளை வரிசையாகச் செருகி நிறுத்தும் கூடு. மருந்துக்கடையின் குட்டைச் சுவருக்கு அருகில் என் மடக்குத் தாங்கியை வைத்துக்கொண்டு, ஏப்ரல் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே நின்றேன்.

இரண்டாம் சனிக்கிழமையன்று, செம்மஞ்சள் நிற மேலங்கி அணிந்த ஒரு பெண்மணி, இருபது டிராலிகளை ஒன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், என் அருகில் நின்றார். அவர் பார்த்தது படத்தை அன்று. கீழே கிடந்த என் மஞ்சள் துணிப்பையை. அதில் திருச்சிக் கடை ஒன்றின் பெயர் தமிழில் அச்சாகியிருந்தது.

"அண்ணை தமிழோ?"

"ஆமாம்மா. திருச்சி."

"கடலிருக்கு, மலையிருக்கு. அதெல்லாத்தையும் விட்டிட்டு இந்தக் கார் பார்க்கையோ கீறுறியள்?"

"இதுவும் பார்க்கத் தகுந்த இடந்தாம்மா."

"பாக்கத் தகுந்த இடமெண்டால் ஒருக்கா வந்து இந்த ட்ரொலியைத் தள்ளிப் பாருங்கோ. பிறகு கதைப்பம்."

அவர் பெயர் இராசமலர். யாழ்ப்பாணத்தவர், வயது ஐம்பத்து நான்கு. ஆக்லாந்தின் விரி என்னும் பகுதியில் ஒரு பொதிகட்டும் நிலையத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தார். அது மூடப்பட்டபின் ஏழு மாதங்கள் தேடி இந்த வேலையைப் பெற்றார். டிராலிகளைச் சேகரிப்பதும் நிறுத்துமிடத்தைத் துப்புரவாக வைப்பதும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர். நான் அவரை மலரம்மா என்று அழைத்தேன். அவ்வப்போது அவர் வந்து படத்தைப் பார்த்து, "இண்டைக்கும் கார் எல்லாம் கத்தரிக்காய் மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கருத்தில் நியாயம் இருந்ததால் நான் மறுத்ததில்லை.

மே பதினேழாம் நாள் காற்று பலமாக இருந்தது. வெயிலும் மேகமும் மாறிமாறி வந்தன. நான் விரைந்து வேலை செய்தேன். தரைக்கு இளஞ்சாம்பல், கார்களின் நிழலுக்கு ஊதா, வாங்கிய பொருட்களைத் தூக்கிச் செல்லும் ஆறு பேருக்கு ஆறு தீற்றல்கள். பத்தே கால் மணியளவில் வலது ஓரத்தைப் பார்த்தேன். மலரம்மா டிராலிக் கூட்டில் குனிந்து, முன்சக்கரத்தில் ஒரு காலை ஊன்றி, இரு கைகளாலும் மஞ்சள் நிறப் பட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டிதான் வரிசையைக் கம்பத்தோடு கட்டி வைப்பது. என் கேன்வாஸின் விளிம்பு அவருடைய முதுகின் நடுவே விழுந்தது. எனவே ஒரு தோள், ஒரு கை, வளைந்த முதுகின் பாதி, ஒரு கால் ஆகியவற்றைச் செம்மஞ்சளில் வைத்தேன். பட்டிக்கு மெல்லிய மஞ்சள் கோடு ஒன்றை இழுத்தேன். பிறகு மரத்தின் நிழலுக்குத் திரும்பினேன்.

சிறிது நேரத்தில் இரும்பு உருளும் ஓசை கேட்டது. யாரோ கத்தினார்கள். பின்னர் பெரிய மோதல் ஓசை. மேகம் வந்துகொண்டிருந்தது, நிழலின் ஊதா நிறம் இன்னும் ஐந்து நிமிடம்தான் நிற்கும் என்று நான் கணித்தேன். நான் நிமிரவில்லை. முடித்துவிட்டுப் பொருட்களைக் கட்டியபோது, சரிவின் அடியில் நாலைந்து பேர் ஒரு வெள்ளைக் காரைச் சுற்றி நின்றார்கள். யாரோ காரைப் பின்னுக்கு எடுத்து இடித்துவிட்டார்கள் என்று எண்ணி, வீட்டிற்குச் சென்றேன்.

மதிய உணவின்போது சீதா படத்தைப் பார்த்தாள்.

"இது யாரு, ஓரத்துல?"

"மலரம்மா. சொல்வேனே, டிராலி தள்ளுறவங்க."

"ஏங்க, பாவம், அவங்களைப் போய்ப் பாதியா வெட்டி வெச்சிருக்கீங்க? பார்க்கவே என்னவோ மாதிரி இருக்கு. உழைச்சுச் சாப்பிடுறவங்க. முழுசா வைங்க, நடுவுல வைங்க."

அவள் சொன்னது என் மனத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். அன்று பிற்பகல், சாப்பாட்டு மேசையின்மேல் செய்தித்தாளை விரித்து, வலது ஓரத்துச் செம்மஞ்சளின்மேல் சாம்பல் நிறத்தை வண்ணக் கத்தியால் தடிப்பாக அப்பி மறைத்தேன். பின்பு மரத்தடியில், படத்தின் நடுவே, மலரம்மாவை முழு உருவமாக நிற்கவைத்தேன். பச்சைக்கு அருகில் செம்மஞ்சள் மிக நன்றாக எடுபட்டது. கண்ணால் காணாததை வரைந்தேன். இருந்த இடத்தை விட்டு வந்து வரைந்தேன். இரண்டு விதிகளை மீறினேன். ஆயினும் மரியாதை செய்துவிட்டதாகவே எண்ணினேன்.

மே முப்பத்தொன்றாம் நாள் மையத்தில் மாணவர் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. என் படத்தின் கீழே நானே ஓர் அட்டை எழுதி ஒட்டியிருந்தேன்: 'கார் நிறுத்துமிடம். சனி, மே 17, காலை 10.00 – 10.40. நேரில் கண்டு, அங்கேயே வரைந்து முடித்தது.' நாளும் நேரமும் இல்லாத அறிக்கையை நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை. அருகிலுள்ள நூலகம் ஆண்டுதோறும் ஒரு மாணவர் படத்தை வாசிப்பறைச் சுவரில் மாட்டுவதற்குத் தெரிவு செய்யும். இவ்வாண்டு என் படத்தைத் தெரிவு செய்தார்கள். ஹெலன் என் கையைக் குலுக்கினார். ஆயினும், "மரத்தடியில் நிற்பவர் மட்டும் தரையில் கால் ஊன்றாதவர்போல் இருக்கிறார்" என்று சொன்னார். நான் அதைக் கேட்காதவன்போல் இருந்துவிட்டேன்.

நண்பகலில் ஓர் இளைஞர் என் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். சிறுவர் வகுப்பில் படிக்கும் தம் மகள் வரைந்த பூனையைக் காண வந்தவர்; பெயர் சுலக்ஷன் என்றார்.

"அங்கிள், இது எங்கட சைட் எல்லோ? மருந்துக்கடை, மரம், அப்பிடியே இருக்கு."

"ஆமா தம்பி."

"இந்த ஒரேஞ்ச் ஆர்?"

"அங்க வேலை செய்யுற இராசமலர். நம்ம தமிழம்மாதான்."

"பத்து, பத்தே காலுக்கு இவ மரத்தடியிலயோ நிண்டவ?"

"நேரம் போட்டிருக்கேனே. காணாத ஒரு புள்ளியைக்கூட நான் வைக்கல தம்பி. அதுதான் இந்த ஓவியத்தோட தர்மம்."

அவர் தம் கைபேசியில் படத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஜூன் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடிந்து வரும் வழியில் அந்த நிறுத்துமிடத்தைக் கடந்தேன். இடையில் வந்த சனிக்கிழமைகளில் ஒன்று மழையாலும் மற்றொன்று கண்காட்சியாலும் தவறிவிட்டதால், மலரம்மாவைப் பார்த்துப் பதினேழு நாட்கள் ஆகியிருந்தன. படம் நூலகத்திற்குப் போகிறது என்ற செய்தியைச் சொல்ல அருகில் சென்றேன். அவர் டிராலிகளை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணை, நான் உங்களுக்கு என்ன கேடு செய்தனான்?"

"என்னம்மா ஆச்சு?"

அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மே பதினேழாம் நாள் காலை பத்து இருபதுக்கு, கட்டப்படாத டிராலி வரிசை ஒன்று சரிவில் உருண்டு, நின்றிருந்த காரின் கதவைச் சேதப்படுத்தியது. ஊழியர் கூட்டைவிட்டு அகலும் முன் வரிசையைப் பட்டியால் கட்ட வேண்டும் என்பது விதி. தாம் கூட்டிலேயே இருந்ததாக ஊழியர் கூறுகிறார். ஆனால் அந்நேரத்தில் அவர் சுமார் நாற்பது அடி தள்ளி மரத்தடியில் நின்றதற்கு ஆதாரம் கிடைத்துள்ளது. புதன்கிழமை விரி அலுவலகத்தில் விசாரணை. ஊழியர் விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

"போன வருஷம் பஸ் வராமல் பிந்தினதுக்கு ஒரு வார்னிங் இருக்கு. இதோட ரெண்டு. ரெண்டெண்டால் வீட்டை போகவேண்டியதுதான். எனக்கு இனி ஆர் வேலை தருவினம்?" அவர் குரல் உயரவில்லை. "கமெரா அந்தப் பக்கம் பாக்கிறேல்லை. அதாலை பயமில்லாமல் இருந்தனான். கமெரா வேலையை நீங்கள் பாத்திட்டியள்."

"நீங்க கூட்டுலதான் இருந்தீங்க. நான் பார்த்தேனே."

"பாத்தனீங்களோ? அப்ப ஏன் மரத்தடியில கீறினீங்கள்?"

நான் காரணத்தைச் சொன்னேன். சட்டத்தின் விளிம்பில் அவர் பாதியாக விழுந்ததையும், பாதியாக வைக்க மனம் வராததையும், முழுதாக, நடுவில், நல்ல இடத்தில் வைத்ததையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"முழுசா வைச்சு என்னை முழுசா அனுப்பப் பாத்தீங்கள்," என்றார். பிறகு மேலங்கியின் உட்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே பட்டியின் பூட்டு, இரண்டாக உடைந்து, இருந்தது. "இறுக்கேக்கை உடைஞ்சது. பெல்ட் பழுதெண்டு ஏப்ரல்லயே சுலக்ஷனிட்டைச் சொன்னனான். 'ஓம் அன்ரி, பாப்பம்' எண்டவர். இப்ப, கார்ல அடிபட்டுத்தான் உடைஞ்சதெண்டு சொல்லுகினம்."

சுலக்ஷன்தான் அவருடைய மேற்பார்வையாளர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் சீதாவிடம் சொன்னேன். "நான் சொன்னதாலதானே மாத்துனீங்க," என்றாள். "ஆனா கண்காட்சியில அப்படிப் பேசுன்னு நான் சொல்லல," என்று அவளே முடித்தாள்.

மறுநாள் காலை மையத்திற்குச் சென்று படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பழைய போர்வை ஒன்றில் சுற்றிக்கொண்டேன். வண்ணக் கத்தியையும் எடுத்துக்கொண்டேன். மலரம்மாவை ஏற்றிக்கொண்டு விரிக்குச் சென்றேன். வழி முழுவதும் அவர் படம் சாய்ந்துவிடாதபடி பின்னிருக்கையை நோக்கிக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அலுவலகம் ஒரு கிடங்கின் மேல்மாடியில் இருந்தது. கீழே போர்க்லிஃப்ட் வண்டிகள் பின்னோக்கி நகரும்போது எழுப்பும் ஒலி ஓயாமல் கேட்டது. சுலக்ஷன் தனியாக இருந்தார். நண்பகலுக்குள் தலைமை அலுவலகத்திற்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றார்.

"அன்ரி, கோயில்லை நீங்கள் எனக்கு அன்ரி. இஞ்ச நான் சூப்பர்வைசர். குறை நினைக்கக் கூடாது."

"கோயில்லை நான் தாற வடையைத் திண்டுபோட்டு இஞ்ச வந்து கடிதம் தாறீர். நான் ஒரு குறையும் நினைக்கேல்லை. கேளும், தம்பி."

"எங்கட ஆள் எண்டு நான் விட்டால், நாளைக்கு மற்றவை என்ன கதைப்பினம்? எவிடென்ஸ் இருக்கு, அன்ரி. அங்கிளே சொன்னவர்."

"சொன்னேன் தம்பி," என்றேன். "நான் சொன்னது பொய்."

போர்வையை அவிழ்த்து, படத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன். அன்று வீட்டில் நடந்ததைக் கூறினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அங்கிள், சனிக்கிழமை ஒரு கதை, புதன்கிழமை வேற கதை. நீங்கள் ரெண்டு பேரும் பழக்கம். இதை நான் எப்பிடி எழுதுறது?"

"படத்தைப் பாருங்க. ஏழு பேர் இருக்காங்க. ஆறு பேருக்கும் ஊதா நிழல் தரையில இருக்கு. இவங்களுக்கு மட்டும் நிழலே இல்ல. நேர்ல பார்த்து வரைஞ்சிருந்தா நிழலை விட்டிருக்க மாட்டேன்."

அவர் எழுந்து வந்து, குனிந்து பார்த்தார். ஒவ்வொருவராக விரல் வைத்து எண்ணினார்.

"மர நிழலுக்குள்ள நிண்டால் ஆருக்கும் நிழல் விழாதுதானே?"

அவர் சொன்னது சரி. முந்திய நாள் மாலை முதல் நான் நம்பியிருந்த சான்று ஒரு வினாவில் முடிந்தது. மலரம்மா என்னைப் பார்த்தார். கீழே வண்டி ஒன்று நீண்ட நேரம் ஒலித்தது.

நான் வண்ணக் கத்தியை எடுத்தேன். எண்ணெய் வண்ணத்தைத் தடிப்பாக வைத்தால், மேலே தோல் கட்டிவிடும். உள்ளே பல வாரங்களுக்கு ஈரம் இருக்கும். படத்தின் வலது ஓரத்தில், மேட்டின் அருகே, கத்தியைச் சாய்த்து வைத்து அழுத்தினேன்.

"அங்கிள், என்ன செய்யிறியள்? இது லைப்ரரிக்குப் போற படம் எல்லோ?"

சாம்பல் நிறம் ஒரு துண்டாக உரிந்து கத்தியின்மேல் சுருண்டது. அதன் கீழே செம்மஞ்சள் தெரிந்தது. மேலும் இரண்டு முறை சுரண்டினேன். ஒரு தோள், ஒரு கை, வளைந்த முதுகின் பாதி, ஒரு கால் வெளிவந்தன. சில இடங்களில் சாம்பலும் செம்மஞ்சளும் கலந்து சேறுபோல் ஆகிவிட்டன. ஆனால் கையிலிருந்து கம்பத்தை நோக்கிச் சென்ற மஞ்சள் கோடு கலையாமல் இருந்தது.

சுலக்ஷன் அந்தக் கோட்டின்மேல் விரலை வைக்கப் போய், ஈரம் என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

"இது பெல்ட்டோ?"

"ஆமா. இரண்டு கையாலயும் இழுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பார்த்தது அது. அதுக்கப்புறம் மரத்துப் பக்கம் திரும்பிட்டேன். கொஞ்ச நேரத்துல டிராலி உருளுற சத்தம் கேட்டுச்சு. யாரோ கத்துனாங்க."

இதைச் சொல்ல நான் எண்ணியிருக்கவில்லை. சாட்சியம் சொல்லத் தொடங்கியவன் முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது.

மலரம்மா கேட்டார்: "நான் கத்தினது உங்களுக்குக் கேட்டதோ, அண்ணை?"

"கேட்டுச்சும்மா."

"கேட்டுமோ நிமிரேல்லை?"

"மேகம் வந்துட்டிருந்தது. வெளிச்சம் போயிடும்னு..." என்று தொடங்கினேன்.

"விலத்துங்கோ, விலத்துங்கோ எண்டு கத்தினனான். கீழை ஒரு தாயும் பிள்ளையும் நிண்டவை," என்றார் அவர். கைக்குட்டையை அவிழ்த்து, உடைந்த பூட்டைப் படத்தின் பக்கத்தில் வைத்தார்.

சுலக்ஷன் பூட்டையும் மஞ்சள் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பின்பு தம் கைபேசியை எடுத்து, எதையோ தேடி, கண்டுபிடித்து, மேசைமேல் குப்புற வைத்தார்.

"ஏப்ரல் இருபத்தொண்டு. அன்ரி மெசேஜ் போட்டிருக்கிறா. நான் புது பெல்ட் ஓடர் பண்ண மறந்திட்டன்."

"அதை எழுதுவீரோ?"

"எழுதத்தானே வேணும்," என்றார். பிறகு, "இனி எனக்கு ஒரு வார்னிங் வரும்," என்றார்.

"வந்தால் கோயிலுக்கு வாரும். வடை தாறன்."

அவர் சிரித்தாரா என்று என்னால் கூற இயலாது. கணினியின் பக்கம் திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மலரம்மாவுக்குக் கடிதம் வந்தது. எச்சரிக்கை இல்லை. அடுத்த வாரம் எல்லாக் கூடுகளுக்கும் புதிய பட்டிகள் வந்தன. ஹெலனிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் சொன்னேன், ஏனெனில் அனைவர் முன்னிலையிலும்தான் பெருமையடித்திருந்தேன். சுரண்டிய படத்தைச் சுவரில் மாட்ட இயலாது என்று நூலகத்தார் பணிவாகத் தெரிவித்தார்கள். அங்கே இப்போது ஒரு கடற்கரைப் படம் தொங்குகிறது. அதில் ஆட்கள் இல்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் நான் அதே சுவரருகே நின்று வரைந்தேன். மலரம்மா என் பக்கம் வரவில்லை. கார்கள் கத்தரிக்காய்களாகவே இருந்தன. அதைச் சொல்ல ஆளில்லை. மூன்றாம் சனிக்கிழமை, ஜூன் இருபத்தெட்டாம் நாள், வானம் தெளிவாகவும் காற்று குளிராகவும் இருந்தது. பத்தரை மணிக்கு என் பின்னால் டிராலி ஒன்று வந்து நின்றது.

"இண்டைக்கு என்னை எங்க வைச்சிருக்கிறியள்?"

நான் தூரிகையின் காம்பினால் வலது ஓரத்தைக் காட்டினேன். ஒரு தோளும் ஒரு கையும் ஒரு காலும் அங்கே இருந்தன. மற்றவை சட்டத்திற்கு வெளியே சென்றிருந்தன. காலுக்குக் கீழே ஊதா நிழல் இருந்தது.

"அரைவாசிதானோ?"

"அங்கதான் நிக்கிறீங்க மலரம்மா. இங்கேருந்து பார்த்தா அவ்வளவுதான் தெரியுது."

"சீதா அக்கா ஒண்டும் சொல்ல மாட்டாவோ?"

"சொல்லுவா. நான் இன்னும் காட்டல."

அவர் இன்னும் சற்று நேரம் அந்தப் பாதி உருவத்தைப் பார்த்தார். "கை சரியாத்தான் வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு மேட்டை நோக்கிச் சென்றார்.

மேற்கே மேகம் எழுந்தது. மரத்தின் நிழலில் பாதி வேலை மிஞ்சியிருந்தது. எனக்கு எட்டு நிமிடங்கள் இருக்கும் என்று கணித்தேன். அப்போது இரும்பு அசையும் ஓசை கேட்டது. நிமிர்ந்தேன். இருபது, இருபத்தைந்து டிராலிகள் கொண்ட வரிசை காற்றில் தள்ளாடியது. மலரம்மா ஒரு தோளால் அதைத் தடுத்துக்கொண்டு, மறுகையால் புதிய பட்டியின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

தூரிகையைச் சுவரின்மேல் வைத்துவிட்டு ஏறிச் சென்றேன். வரிசையின் அடிப்பக்கத்தில் நின்று இரு கைகளாலும் தாங்கினேன். நான் எண்ணியிருந்ததைவிட அது மிகக் கனமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்கோ, அண்ணை. இன்னும். ஓம், அப்பிடியே பிடியுங்கோ."

பூட்டு விழும் ஓசை கேட்டது. நான் திரும்பி வந்தபோது மேகம் முழுதாக மூடியிருந்தது. அந்தப் படத்தில் மரத்திற்குப் பாதி நிழல்தான் இருக்கிறது. அட்டையில் நாளையும் நேரத்தையும் எழுதி, முடிவுறாதது என்றும் எழுதியிருக்கிறேன்.